அப்பாவுக்குப் பாட்ரெஸ் ஆட்டம் ஒன்றுகூட விடக் கூடாதாம். எதை வாங்குவது?

கீழமாசி வீதி | 2025 மார்ச் 16, ஞாயிறு

எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் சான் டியேகோவில் மிரா மேசா பக்கம் இருக்கிறோம். ஒரு சின்ன உதவி வேண்டும். சின்ன விஷயம் என்றுதான் நானும் ஆரம்பித்தேன், மூன்று நாளாகத் தேடியதில் தலை சுற்றுகிறது.

மதுரையிலிருந்து அப்பாவும் அம்மாவும் போன திங்கட்கிழமை வந்தார்கள். செப்டம்பர் முதல் வாரம் திரும்புகிறார்கள். அப்பா மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். போன கோடையில் வந்திருந்தபோது என் வீட்டுக்காரர் அவரை ஒரு நாள் எங்கள் ஊர்ப் பேஸ்பால் அணி பாட்ரெஸ் ஆடும் பெட்கோ பார்க் மைதானத்துக்கு அழைத்துப் போனார். மூன்று இன்னிங்ஸ் வரை “என்ன மாப்ளை, சுத்திச் சுத்திக் காத்தைத்தான் அடிக்கிறான்” என்று சலித்துக்கொண்டிருந்தாராம். அப்புறம் பாட்ரெஸ் ஆட்டக்காரர் லூயிஸ் அராயெஸ் ஆட வந்திருக்கிறார். ஓங்கி விளாசாமல், ஆள் இல்லாத இடம் பார்த்துப் பந்தைத் தட்டிவிட்டு ஓடியிருக்கிறார். “இவன் நம்ம ஆளு” என்று அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தவர்தான். ஊருக்குத் திரும்பிய பிறகும் வாட்ஸ்அப்பில் அம்மாவின் முட்டிவலியைப் பற்றி ஒரு வரி, அராயெஸ் நேற்று எத்தனை அடித்தான் என்று மூன்று வரி. அந்த சீசனில் அவர், பாட்ரெஸ் ஆடும் நேஷனல் லீக் என்ற பிரிவில், பேட்டிங் பட்டம் வாங்கியதும் அப்பா தெருவில் இரண்டு பேரைப் பிடித்து நிறுத்தி விளக்கம் சொன்னதாக அம்மா சொன்னாள்.

இந்த முறை பெட்டியைப் பிரிப்பதற்கு முன்பே கேள்வி வந்துவிட்டது. “ஆட்டம் எப்ப ஆரம்பிக்குது? எல்லாத்தையும் பாக்கணும்.” எல்லாம் என்றால் ஒரு சீசனுக்கு 162! 27-ஆம் தேதி அட்லாண்டா பிரேவ்ஸோடு இங்கேயே முதல் ஆட்டம்.

எங்கள் வீட்டில் கேபிள் கிடையாது. இன்டர்நெட், ரோகு குச்சி செருகிய டிவி, அமேசான் பிரைம், தமிழ்ச் சேனல்களுக்கு ஒரு ஆப், அவ்வளவுதான். என் கைப்பேசி டி-மொபைலில். போன வருஷம் நான் சரியாகப் படிக்காமல் அவசரத்தில் ஒரு சந்தா வாங்கிவிட்டேன். அதில் 29 அணிகளின் ஆட்டமும் ஜோராக வந்தது, பாட்ரெஸ் மட்டும் வரவில்லை. சொந்த ஊர் அணியைத்தான் காட்ட மாட்டார்களாம். என்ன நியாயம் இது? இந்த வருஷம் இன்டர்நெட் கம்பெனிக்குப் போன் போட்டேன். கேபிளையும் சேர்த்துக்கொண்டால் மாதம் 60 டாலர்தான் கூட என்றார் ஒருவர். எழுத்தில் அனுப்புங்கள் என்றேன். வந்த காகிதத்தில் பெட்டிக்கு வாடகை, விளையாட்டுக் கட்டணம், உள்ளூர்ச் சேனல் கட்டணம் என்று வால் வாலாக நீண்டு 100-ஐத் தாண்டிவிட்டது, அதுவும் இரண்டு வருஷ ஒப்பந்தம். அப்பா இருக்கப்போவது ஆறு மாதம்.

வீட்டுக்காரர் 100 டாலருக்கு மேல் போகாதே என்கிறார். நான் 150 வரை மனசைத் தேற்றி வைத்திருக்கிறேன். இன்னொரு சிக்கல், அப்பாவுக்கு ரிமோட்டில் மூன்று பொத்தானுக்கு மேல் ஆகாது. நாங்கள் இருவரும் வேலைக்குப் போன பிறகு பகல் ஆட்டம் வந்தால் அவரேதான் போட்டுக்கொள்ள வேண்டும். எதை வாங்கலாம்?

---

வேகஸ் வெயில் | மார்ச் 16

சகோதரி, சொந்த ஊர் அணியைக் காட்ட மாட்டார்கள் என்று புலம்புகிறீர்கள். என் கதையைக் கேளுங்கள். நான் லாஸ் வேகஸில் இருக்கிறேன். இந்த ஊரில் இன்றுவரை எம்எல்பி (அமெரிக்காவின் பெரிய பேஸ்பால் லீக்) அணி ஒன்றுகூட இல்லை. ஆனால் அந்த லீக்கின் இணையச் சந்தாவான எம்எல்பி டிவி வாங்கினால் டாட்ஜர்ஸ், ஏஞ்சல்ஸ், பாட்ரெஸ், ஜயன்ட்ஸ், ஏ’ஸ், டைமண்ட்பேக்ஸ் ஆறும் “உள்ளூர் அணி” என்று கணக்கு. ஆறும் நேரலையில் வராது. சான் டியேகோ இங்கிருந்து 300 மைலுக்கு மேல்! அயோவா மாநிலத்துக்காரர்களுக்கும் இதே கதிதான். அங்கேயும் ஆறு அணி: கப்ஸ், ஒயிட் சாக்ஸ், கார்டினல்ஸ், ராயல்ஸ், புரூவர்ஸ், ட்வின்ஸ். பக்கத்து மாநிலங்களில் நான்குக்கு அணி இருக்கிறது, அயோவாவுக்கு இல்லை, அதனால் எல்லோரும் ஆளுக்கொரு கை பங்கு போட்டுக்கொண்டார்கள்.

காரணம் எளிது. ஒவ்வொரு அணியும் தன் வட்டாரத்தில் காட்டும் உரிமையை ஒரு உள்ளூர்ச் சேனலுக்குப் பணத்துக்கு விற்றுவிட்டது. அந்தச் சேனலைக் காசு கொடுத்து வாங்காமல் பக்கவாட்டில் புகுந்து பார்த்துவிடக் கூடாது என்பதற்குத்தான் பிளாக்அவுட் என்ற இந்தத் தடை. எம்எல்பி டிவி என்பது வெளியூர் ரசிகனுக்காகச் செய்த சாமான். பாஸ்டனில் உட்கார்ந்து பாட்ரெஸ் பார்ப்பவனுக்கு அது அமிர்தம். உங்களுக்கு அது பாட்ரெஸ் இல்லாத பேஸ்பால்.

எதை வாங்கும் முன்பும் எம்எல்பி தளத்தில் ஜிப் கோடு போட்டு எந்த அணி தடை என்று பார்க்கலாம். இரண்டு நிமிட வேலை. நானும் வாங்கிய பிறகுதான் பார்த்தேன்.

---

செர்ரா மேசா கிழவன் | மார்ச் 17

அம்மா கீழமாசி வீதி, நான் உங்களுக்குப் பக்கத்துப் பேட்டைதான். 1999-ல் இந்த ஊருக்கு வந்தேன். பாட்ரெஸின் பெரிய ஆட்டக்காரர் டோனி க்வின் 3000-ஆவது ஹிட் அடித்த வருஷம். அன்றிலிருந்து இந்த அணி எனக்கு ஒரு உலகத் தொடர்கூட (எம்எல்பியின் இறுதிக் கோப்பை) ஜெயித்துத் தரவில்லை, நானும் விடவில்லை. உங்கள் அப்பாவின் நோய் எனக்குத் தெரியும்.

முதலில் விடை. பாட்ரெஸ் டிவி என்று நேரடிச் சந்தா இருக்கிறது. இந்த 2025 சீசன் முழுக்க 99.99 டாலர். மாதமாகக் கட்டினால் 19.99. உங்கள் அப்பா செப்டம்பர் முதல் வாரம் போகிறார் என்றாலும் 27-ஆம் தேதி ஆரம்பித்தால் ஆறு பில் வரும், 120 டாலர் ஆகிவிடும். ஆகவே சீசன் சந்தாவே லாபம். வீட்டுக்காரரின் 100-க்குள் ஒரு பைசா மிச்சம். எம்எல்பி ஆப்புக்குள்ளேயேதான் வரும், ரோகுவில் ஓடும். வாங்கிய அன்றே கணக்கில் போய் “தானாகப் புதுப்பித்தல்” என்பதை நிறுத்திவிடுங்கள். அடுத்த மார்ச்சில் அப்பா மதுரையில் இருப்பார், உங்கள் கார்டிலிருந்து மட்டும் பணம் போகும்.

இப்படி ஒரு வழி நமக்கு வந்ததே ஒரு கம்பெனி திவாலானதால்தான். அதைச் சொல்லாமல் என்னால் இருக்க முடியாது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் வந்த காலத்தில் ஆட்டங்கள் சேனல் 4 என்ற ஒன்றில் வரும். ஒரு கேபிள் கம்பெனியின் சொந்தச் சேனல். கூரையில் டிஷ் வைத்திருப்பவர்களுக்குத் தர மாட்டார்கள். என் கூரையில் டிஷ். எங்கள் வீட்டுக்காரி சன் டிவி இல்லாமல் இருக்க மாட்டாள், அதனால் டிஷ்ஷை இறக்க வழியில்லை. ரேடியோதான் கதி. ஜெர்ரி கோல்மன் என்று ஒரு பெரியவர் வர்ணனை செய்வார். இரண்டாம் உலகப் போரிலும் கொரியப் போரிலும் விமானம் ஓட்டிய மனிதர், யாங்கீஸ் அணிக்கு ஆடியவர். வார்த்தையைத் தாறுமாறாக மாற்றிப் போட்டுவிடுவார், அதற்காகவே கேட்கலாம். 2014-ல் காலமானார். ஆட்டத்தைக் கண்ணால் பார்க்காமல் காதால் கற்றுக்கொண்டவன் நான். இதைப் பின்னால் வேறு காரணத்துக்காகச் சொல்லப்போகிறேன், மறந்துவிடாதீர்கள்.

2012-ல் ஃபாக்ஸ் ஸ்போர்ட்ஸ் சான் டியேகோ வந்தது. 20 வருஷ ஒப்பந்தம். 2021-ல் அதற்கே பேலி ஸ்போர்ட்ஸ் என்று பெயர் மாறியது. இந்தச் சேனல்கள் எப்படிச் சம்பாதித்தன தெரியுமா? பேஸ்பால் பார்க்காத ஆயிரம் வீட்டின் கேபிள் பில்லிலும் அவர்களுக்கு ஒரு பங்கு உண்டு. சமையல் சேனல் மட்டும் பார்க்கிற அத்தையும் நம் அணி மச்சாடோவின் சம்பளத்துக்கு மொய் எழுதிக்கொண்டிருந்தாள். ஜனங்கள் கேபிளை வெட்டிவிட்டுப் போகப் போக மொய் குறைந்தது. பேலி சேனல்களை நடத்திய டைமண்ட் ஸ்போர்ட்ஸ் 2023 மார்ச்சில் திவால் மனு போட்டது. அந்த மே கடைசியில் பாட்ரெஸுக்குத் தர வேண்டிய தவணையைத் தராமல் விட்டது. மே 31-ஆம் தேதி, அணி மயாமியில் ஆடிக்கொண்டிருந்தபோது, எம்எல்பி தானே கேமராவை எடுத்துக்கொண்டு ஒளிபரப்பை ஏற்றது. லீக்கே நேரடியாக எடுத்து நடத்திய முதல் அணி நம்முடையதுதான். அப்புறம் டைமண்ட்பேக்ஸ், ராக்கீஸ் என்று வரிசை நீண்டது. அன்றைக்குத்தான் இந்த ஊர்க்காரன் பெரிய சேனல் தொகுப்பு எதுவும் வாங்காமல் சொந்த அணிக்கு மட்டும் காசு கொடுத்துப் பார்க்க முடிந்தது. கடன்காரன் ஓடியதில் நமக்குக் கதவு திறந்தது.

நல்லவேளையாக வர்ணனையாளர்களை மாற்றவில்லை. டான் ஒர்சில்லோ, மார்க் கிரான்ட் இருவரும்தான். உங்கள் அப்பாவுக்கு ஆங்கிலம் எவ்வளவு தெரியுமோ, இவர்களுக்கு அது தேவையில்லை. ஏழாவது இன்னிங்ஸில் எதையாவது சொல்லிச் சிரிக்க ஆரம்பித்தால் பந்து வீச்சையே மறந்துவிடுவார்கள். மொழி தெரியாதவனும் சிரிப்பான்.

இனி, இந்த 2025 சீசனில் இதில் வராதவை. வெள்ளி இரவு ஆப்பிள் டிவி பிளஸ் எடுத்துக்கொள்ளும் ஆட்டம், சனிக்கிழமை ஃபாக்ஸ் எடுத்துக்கொள்ளும் ஆட்டம், ஞாயிறு மாலை இஎஸ்பிஎன் எடுத்துக்கொள்ளும் ஆட்டம், ஞாயிறு காலை ரோகு சேனல் எடுத்துக்கொள்ளும் ஆட்டம். இவையெல்லாம் அவர்களுக்கு மட்டுமே சொந்தம், அன்றைக்குப் பாட்ரெஸ் டிவியில் வராது. பயப்பட வேண்டாம், எல்லா வாரமும் நம் அணியையே எடுக்க மாட்டார்கள். டிபிஎஸ் என்ற கேபிள் சேனல் செவ்வாய்க்கிழமை காட்டினாலும் நம் உள்ளூர் ஒளிபரப்பும் கூடவே இருக்கும். ரோகு சேனல் இலவசம், உங்கள் குச்சியிலேயே இருக்கிறது. ஆப்பிள் இந்த 2025 மார்ச்சில் மாதம் 9.99. நம் அணி வருகிற மாதம் மட்டும் கட்டிவிட்டு நிறுத்திவிடலாம். அராயெஸுக்காகப் பத்து டாலர் போகட்டும்.

இருக்கும் ஊரை மறைத்துக் காட்டும் விபிஎன் போடச் சொல்லி யாராவது சொல்வார்கள். சந்தா விதிக்கு விரோதம் என்பது ஒரு பக்கம். உங்கள் அப்பா தனியாக இருக்கும்போது, மூன்றாவது இன்னிங்ஸில் அது அறுந்துவிட்டால் அலுவலகத்தில் மீட்டிங்கில் இருக்கும் உங்களுக்குத்தான் போன் வரும். வேண்டாம்.

---

கீழமாசி வீதி | மார்ச் 17

ஐயா, இவ்வளவு பொறுமையாக எழுதியதற்கு மிக்க நன்றி. வீட்டுக்காரருக்குப் படித்துக் காட்டினேன். சமையல் சேனல் அத்தை இடத்தில் அவர் என்னைப் பார்த்தார்!

இரண்டு சந்தேகம். டி-மொபைல்காரர்களுக்கு ஒவ்வொரு மார்ச்சும் எம்எல்பி டிவி இலவசமாகத் தருகிறார்கள் என்று அலுவலகத்தில் ஒருவர் சொன்னார். அது எங்களுக்கு எதற்காவது உதவுமா? இன்னொன்று, அட்டவணையைப் பார்த்தேன், நான்காவது ஆட்டமே 30-ஆம் தேதி ஞாயிறு மாலை இஎஸ்பிஎன் என்று போட்டிருக்கிறது. முதல் வாரமே ஆரம்பித்துவிட்டார்களே! அதற்கு என்ன செய்வது?

---

ஆன்டெனா பித்து | மார்ச் 17

ஃபாக்ஸுக்கு ஒரு சல்லிக் காசு தர வேண்டாம். கடையில் முப்பது டாலருக்குள் ஒரு தட்டை ஆன்டெனா வாங்கி ஜன்னல் ஓரம் ஒட்டி, டிவியின் பின்னால் செருகி, சேனல் தேடச் சொல்லுங்கள். ஃபாக்ஸ் 5 சான் டியேகோ காற்றிலேயே இலவசமாக வரும், எண் 69. சனிக்கிழமை ஆட்டம், உலகத் தொடர் இரண்டும் அதில் தீர்ந்தது. நெட் வழியாக வருவதைவிடப் படம் தெளிவு, முந்தியும் வரும். நான் மாடியில் ஆன்டெனாவில் பார்க்கிறேன், கீழ்வீட்டுக்காரர் ஆப்பில் பார்க்கிறார். ஹோம் ரன்னுக்கு நான் கத்தினால் அரை நிமிஷம் கழித்து அவர் கத்துவார். ஒருநாள் கதவைத் தட்டி, கொஞ்சம் மெதுவாகக் கத்துங்கள் என்று கேட்டுக்கொண்டார்.

மிரா மேசாவில் மேட்டில் இருக்கிறீர்களா, பள்ளத்தாக்குப் பக்கமா? பள்ளம் என்றால் ஜன்னலை மாற்றி மாற்றிப் பார்க்க வேண்டியிருக்கும். வாங்கிய ரசீதைத் தூக்கிப் போடாதீர்கள்.

---

செர்ரா மேசா கிழவன் | மார்ச் 18

டி-மொபைல் விஷயம் உண்மை. சீசன் ஆரம்பிக்கும் வாரத்தில் அவர்கள் ஆப்பில் வரும், சில நாள்தான் இருக்கும், அதற்குள் எடுத்துக்கொள்ள வேண்டும். நேரலையில் பாட்ரெஸ் வராது என்பதில் மாற்றமில்லை. ஆனால் அதில் ஒரு பின்வாசல் உண்டு, நேர்மையான பின்வாசல்தான். தடையில் இருக்கும் ஆட்டத்தையும் முடிந்து சுமார் 90 நிமிடம் கழித்து முழுதாகத் திறந்துவிடுவார்கள். இரவு 6.40-க்கு ஆரம்பிக்கும் ஆட்டம் ஒன்பதரை வாக்கில் முடிந்தால் பதினொரு மணிக்குத் தயார். உங்கள் அப்பா மதுரைக்காரர், காலை ஐந்துக்கு எழுந்துவிடுவார். காபியோடு போட்டுக்கொண்டால் பத்துப் பைசா செலவில்லாமல் ஆட்டம் முழுதும் பார்க்கலாம். ஒரே நிபந்தனை, வீட்டில் யாரும் முடிவைச் சொல்லிவிடக் கூடாது.

இதை ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்று கேட்பீர்கள். நான் இதை ஒரு சீசன் செய்து பார்த்தேன். போன வருஷம் ஜூலை 25, வியாழக்கிழமை, வாஷிங்டனில் பகல் ஆட்டம். அங்கே பகல் என்றால் நமக்குக் காலை. வேலை நாள், ராத்திரி பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். அன்றைக்குத்தான் டிலன் சீஸ் நோ-ஹிட்டர் போட்டார். ஒருவரையும் ஒரு ஹிட்கூட அடிக்க விடவில்லை. நம் அணி 1969-ல் பிறந்து 2021 வரை ஒரு நோ-ஹிட்டருக்கு ஏங்கிக்கிடந்தது. முதலாவது ஜோ மஸ்குரோவ், இது இரண்டாவதுதான். மதியச் சாப்பாட்டு வரிசையில் யாரோ ஒருவன் கைப்பேசியைப் பார்த்து “அட” என்றான். அந்த “அட”வோடு என் ராத்திரி போயிற்று. வீட்டுக்கு வந்து முழுதும் பார்த்தேன்தான். திருவிழா முடிந்து தேர் நிலைக்கு வந்த பிறகு போய்க் கும்பிட்டதுபோல் இருந்தது. எழுபது தாண்டிய மனுஷனுக்கு நேரலைதான் சரி.

அடுத்தது இஎஸ்பிஎன். இதற்காக மட்டும் ஸ்லிங் மாதிரி ஒரு இணைய டிவிச் சந்தா எடுக்கலாம், அதில் ஆரஞ்சு என்ற தொகுப்பில் இஎஸ்பிஎன்னும் டிபிஎஸ்ஸும் உண்டு. மாதம் 40 டாலருக்கு மேல். ஒரு ஞாயிற்றுக்கிழமைக்காக அதைக் கட்டச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அக்டோபரில் நம் அணி பிளே-ஆஃபுக்குப் போனால் அப்போது ஒரு மாதம் எடுத்துக்கொள்ளுங்கள். பிளே-ஆஃப் ஆரம்பித்துவிட்டால் பாட்ரெஸ் டிவியில் ஒன்றுமே வராது, எல்லாம் தேசியச் சேனல்களுக்குப் போய்விடும். இந்த வருஷம் நேஷனல் லீக் பக்கம் டிபிஎஸ் முறை.

30-ஆம் தேதிக்கு என் யோசனை ரேடியோ. 97.3 எஃப்எம். வர்ணனை ஜெஸ்ஸி ஆக்லர், டோனி க்வின் ஜூனியர். ஆமாம், அந்த டோனி க்வின்னின் மகன்தான். எந்த டிவி ஒப்பந்தமும் இதைத் தொடாது, 162 ஆட்டமும் பிளே-ஆஃபும் வரும். ஒரு நிஜ ரேடியோ பெட்டி போதும், அல்லது கார். எம்எல்பி ஆப்பிலும் ஒலி மட்டும் தனியாக உண்டு, வருஷம் 30 டாலர் மாதிரி. டி-மொபைல் இலவசத்தை எடுத்துவிட்டால் ஒலியும் அதோடு வந்துவிடும். ரேடியோவுக்கு பிளாக்அவுட்டே கிடையாது.

உங்கள் அப்பா வயதுக்காரர்கள் கிரிக்கெட்டை எப்படிக் கேட்டு வளர்ந்தார்கள் என்று அவரிடமே கேளுங்கள்.

---

தல்லாகுளம் | மார்ச் 19

கீழமாசி வீதி என்று பெயரைப் பார்த்ததும் உள்ளே வந்தேன்! ஒன்பது வருஷம் சான் டியேகோ பக்கம் ஓஷன்சைடில் இருந்துவிட்டு இப்போது மதுரையில் இருக்கிறேன். உங்கள் அப்பா செப்டம்பரில் திரும்பிய பிறகு என்ன செய்வார் என்று யாரும் பேசவில்லையே, அந்தக் கடைசி மூன்று வாரம்தானே உயிர் போகும் கட்டம்.

அவருக்குச் சொல்லுங்கள்: பாட்ரெஸ் ஆட்டம் பார்க்க சான் டியேகோவைவிட மதுரை வசதி. சிரிக்காதீர்கள். இங்கே எம்எல்பி டிவி சந்தா எடுத்தால் பாட்ரெஸுக்குத் தடையில்லை, நாம் யாருக்கும் உள்ளூர் இல்லை. அங்கே மாலை 6.40 ஆட்டம் இங்கே மறுநாள் காலை 7.10. பல் விளக்கிக் காபி வாங்கிக்கொண்டு உட்கார்ந்தால் முதல் பந்து. பத்தரைக்குள் முடிந்துவிடும், அப்புறம் கடைக்குப் போகலாம். அங்கே மதியம் 1.10 ஆட்டம் மட்டும் இங்கே நள்ளிரவு 1.40, அதைக் காலையில் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். பிளே-ஆஃபும் அதிலேயே நேரலை. அமெரிக்காவில் இருப்பவர்களுக்கு அது கிடையாது, வெளிநாட்டில் இருக்கும் நமக்கு உண்டு. போன அக்டோபர் டாட்ஜர்ஸோடு 2-1 என்று முன்னால் இருந்துவிட்டு, கடைசி 24 இன்னிங்ஸ் ஒரு ரன்கூட எடுக்காமல் தோற்றதை நான் இங்கே இருட்டோடு எழுந்து பார்த்தேன். ஐந்தாவது ஆட்டம் முடிந்தபோது பால்காரர் வந்தார். முகத்தைப் பார்த்துவிட்டு வீட்டில் ஏதாவது துக்கமா என்று கேட்டார்.

ஆகஸ்ட் கடைசியில் எனக்கு இங்கே தனிச் செய்தி போடுங்கள். அப்பா வந்ததும் ஆப் போட்டுக் கொடுக்கிறேன். அராயெஸ் பற்றிப் பேச எனக்கும் ஊரில் ஆள் இல்லை.

---

கீழமாசி வீதி | மார்ச் 31

எல்லோருக்கும் நன்றி சொல்ல வந்தேன், கொஞ்சம் நீளமாகிவிட்டால் மன்னிக்கவும்.

பாட்ரெஸ் டிவி சீசன் சந்தா வாங்கினேன், தானாகப் புதுப்பித்தலை அன்றே நிறுத்திவிட்டேன். டி-மொபைல் இலவசத்தையும் எடுத்தாயிற்று. ஆன்டெனா மூன்றாவது ஜன்னலில்தான் ஒத்துக்கொண்டது, நாங்கள் பள்ளத்தாக்குப் பக்கம். ரோகு முகப்பில் மற்ற ஆப்களையெல்லாம் கீழே தள்ளி எம்எல்பியை முதல் கட்டத்தில் வைத்தேன். அப்பாவுக்கு இப்போது வீடு, சரி, சரி என்று மூன்று அழுத்தல்.

27-ஆம் தேதி மதியம் நான் அலுவலகத்தில் இருந்தேன். 1.10-க்கு ஆட்டம். 1.05-க்குப் போன் வந்தது, திரையில் ஏதோ இடத்தை உறுதி செய் என்று கேட்கிறது என்றார். நல்லவேளை, காரணம் உடனே பிடிபட்டது. முந்தின நாள் இரவு அம்மாவின் கைப்பேசி ஹாட்ஸ்பாட்டில் சோதித்துப் பார்த்திருந்தேன், டிவி அதிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது. வீட்டு வைஃபைக்கு மாற்றச் சொல்லி, எந்தப் பொத்தான், எந்த அம்புக்குறி என்று வழி சொல்லி முடிக்கும்போது முதல் பந்து போட்டுவிட்டார்கள். இந்த இடத்தில் சிக்குகிறவர்கள் இருக்கலாம், அதனால் எழுதுகிறேன். வீட்டு இணையத்தில்தான் போட வேண்டும்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை இஎஸ்பிஎன் ஆட்டம். செர்ரா மேசா ஐயா சொன்னபடி கராஜில் கிடந்த பழைய ரேடியோவைத் தட்டித் துடைத்து 97.3 வைத்துக் கொடுத்தேன். காசு மிச்சம் பிடிக்கிறாள் என்று அப்பா நினைப்பாரோ என்று எனக்கு உள்ளூர ஒரு கூச்சம். அவர் ரேடியோவைக் கையில் வாங்கி ஒரு சுற்றுப் பார்த்தார். கொல்லைப்புறத்துக்கு எடுத்துக்கொண்டு போய், நாற்காலியைச் சுவர் ஓரம் போட்டு, ஏரியலை இழுத்துவிட்டு, இப்படியும் அப்படியும் திருப்பி, கரகரப்பு அடங்கும் இடம் பார்த்து நிறுத்தினார். அதற்கு அவருக்கு யாரும் வழி சொல்ல வேண்டியிருக்கவில்லை. சேப்பாக்கத்தில் பொங்கல் டெஸ்ட் நடக்கும்போது தமிழ் வர்ணனை கேட்பதற்காக மின்கம்பத்தின் அடியில் ரேடியோவை வைத்துக்கொண்டு வேலை பார்த்த கதையை அம்மா எடுத்துவிட்டாள். கம்பத்தில் ஏறியிருப்பவனுக்குக் கீழே நிற்பவன் ஸ்கோர் சொல்ல வேண்டுமாம்.

ஆங்கிலம் வேகமாகப் போனது. அவருக்குப் புரிந்தது எண்களும் பெயர்களும் கூட்டத்தின் சத்தமும்தான். ஆனால் ஒவ்வொரு இன்னிங்ஸ் முடிந்ததும் உள்ளே வந்து ஸ்கோர் சொல்லிவிட்டுப் போனார், ஒன்றும் தப்பாக இல்லை. இரண்டு முறை நான் கைப்பேசியில் சரிபார்த்தேன், அவருக்குத் தெரியாமல். பிரேவ்ஸோடு நான்கு ஆட்டமும் ஜெயித்துவிட்டார்கள்.

தல்லாகுளம் அண்ணா, அப்பாவிடம் உங்களைப் பற்றிச் சொன்னேன். வீடு பெருமாள் கோயில் பக்கமா, தமுக்கம் பக்கமா என்று கேட்கிறார். மின்கம்பம் எது என்று தெரிந்தால் வீட்டைக் கண்டுபிடித்துவிடுவாராம்.

செர்ரா மேசா ஐயா, அடுத்த சனிக்கிழமை மாலை வேறு வேலை இல்லையென்றால் உங்கள் வீட்டு அம்மாவோடு எங்கள் வீட்டுக்கு வாருங்கள். அப்பா ஒரு கேள்வி சேர்த்து வைத்திருக்கிறார். பந்து வீசுகிறவனை ஏன் நடுவிலேயே மாற்றிவிடுகிறார்கள், அவன் என்ன தப்பு செய்தான் என்று. எங்கள் இருவருக்கும் பதில் தெரியவில்லை.